கத்தரிப்பூ நிற நாடு

அத்தியாயம் 6

காளிதாஸ் எழுந்தான். பாயைச் சுருட்டி வைத்தான். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினான். பல் தேய்த்தான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து வந்து காய்ச்சினான். காபி போட்டு, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். முன்பக்கம் மட்டும். பின்பக்கம் எப்படியும் கார் சீட்டில் கசங்கத்தான் போகிறது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவன் வீட்டு வாசலில் நின்றால், ஏற்காட்டுக்கு ஏறும் பஸ் கியர் மாற்றுவது கேட்கும். கேட்டது. வீட்டைப் பூட்டினான்.

மனைவி மதுமதி இறந்த பிறகு எல்லாக் காலையும் இதுதான். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இந்த வரிசையை அப்படியே ஒப்பித்துவிடலாம். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

சேலம் ஐந்து ரோட்டுக்குப் பின்னால், பல் டாக்டர் ஒருவருக்கு மேல்மாடியில் இருந்தது அவனுடைய துப்பறியும் அலுவலகம். உதவியாளர் வசந்தாமணி முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாள். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீசில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். எந்த டிரைவர் எந்த ஊரில் என்ன பொய் சொல்வான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். வயதில் காளிதாசைவிடப் பெரியவள். வாயில் எல்லோரையும்விடப் பெரியவள்.

"ஏனுங் தம்பி, பின்பக்கம் இஸ்திரி போட்டா கரண்டு பில்லு எச்சா வந்துருமாக்கும்?"

"முன்னாடி உக்காந்து பேசறவங்கதான அக்கா கேஸ் குடுக்கறாங்க."

"ஜவுளிக்கடைப் பொம்மைக்குக்கூட இப்படித்தான். முன்னாடி மாப்பிள்ளை, பின்னாடி முழுக்க குண்டூசி."

அவன் சிரிக்கவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தினமும் ஒன்று வீசிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

கதவைத் தட்டிக்கொண்டு கிருத்திகா வந்தாள். மதுமதியோடு கல்லூரியில் படித்தவள். காரியம் முடியும் வரை அவன் வீட்டு அடுப்பை விட்டு நகராதவள். அவளைக் கண்டதும் காளிதாஸ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். இந்த ஊரில் அவன் எழுந்து நிற்பது இப்போது அவள் ஒருத்திக்குத்தான்.

"ஒரு உதவிங்கண்ணா. உங்களால மட்டுந்தான் ஆகும்."

செல்போனை மேசை மேல் வைத்தாள். திரையில் ஒரு வரைபடம். தென்னிந்தியாதான், ஆனால் எல்லைகள் எல்லாம் எங்கெங்கோ ஓடின. வசந்தாமணி கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன கண்ணு, இந்தியாவ யாரு இப்படிப் பாகம் பிரிச்சது?"

"நடக்காத சரித்திரம்ங்கக்கா. திப்பு சுல்தானுக்குப் பிரெஞ்சுப் படை நேரத்துக்கு வந்து சேந்திருந்தா இந்தப் பக்கமெல்லாம் எப்படி இருந்திருக்கும்னு கற்பனை பண்ணி வரையறது. இதுக்குன்னே ஆன்லைன்ல ஒரு கூட்டம் இருக்குதுங்க."

"நடந்த சரித்திரத்துலயே நான் பெயிலு. நடக்காததுல வேறயா?"

கிருத்திகா விஷயத்துக்கு வந்தாள். பெங்களூரில் ஒரு விளையாட்டுக் கம்பெனி, இந்தப் படத்தை வைத்துப் பலகையில் ஆடும் ஆட்டம் ஒன்று கொண்டுவருகிறது. பெட்டியின் மேல் வரைந்தவர் பெயர் வரும். இன்று சாயங்காலம், பக்கத்து ஓட்டலில் ஒப்பந்தத்தில் கையெழுத்து. இந்த நேரம் பார்த்துத் திருச்செங்கோட்டில் சந்தோஷ்குமார் என்று ஒருவன் இதே படத்தை ஆன்லைனில் போட்டுவிட்டான். ‘சேலத்துக்காரி வரைந்தது’ என்று ஒரு பொய்ப் பெயரும் போட்டிருக்கிறான். கம்பெனி இப்போது யோசிக்கிறது. வெளியாள் ஒருவர் விசாரித்து, படம் கிருத்திகாவுடையதுதான், அவன் திருடினான் என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்கிறது.

"அறிக்கைய நானே அடிச்சுக் கொண்டாந்துட்டேங்கண்ணா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

காளிதாஸ் பேனாவின் மூடியைக் கழற்றினான். காகிதத்தைப் படித்தான். ஒருவன் திருடன் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஒருவனின் முகம் அவனுக்குத் தெரியாது. மூடியைத் திரும்பப் போட்டான்.

"நேர்ல ஒருக்காப் பாத்துட்டு வந்து போட்டுத் தாரேன்."

"எதுக்குங்கண்ணா அவ்ளோ தூரம்?"

"அரை நாள் வேலை. சாயங்காலத்துக்குள்ள வந்துருவேன். அதுக்கு முன்னாடி நீ ஒண்ணு சொல்லு. இந்தக் கலரெல்லாம் எப்படி முடிவு பண்ணுன?"

இது காளிதாசின் பழக்கம். சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பான். திருடினவனுக்கு என்ன இருக்கிறது என்று தெரியும். செய்தவனுக்குத்தான் ஏன் இருக்கிறது என்று தெரியும்.

கிருத்திகா தடையில்லாமல் சொன்னாள். "இஷ்டத்துக்குப் போட முடியாதுங்கண்ணா. ஒவ்வொரு நாட்டுக்கும் வழிவழியா ஒரு கலரு இருக்குது. பிரிட்டன்னா ரோஸ். பிரான்ஸ்னா நீலம். டச்சுக்காரங்கன்னா ஆரஞ்சு, அதனாலதான் இலங்கை ஆரஞ்சா இருக்குது. கோவா பச்சை, அது போர்ச்சுகல். கலர மாத்திப்போட்டா பாக்கறவங்களுக்குப் படமே புரியாது."

"நம்ம டவுன் பஸ்ஸு மாதிரி," என்றாள் வசந்தாமணி. "கலரப் பாத்துத்தான் ஓடிப்போய் ஏறறோம். போர்டைப் படிக்கறதுக்குள்ள அவன் போயிருவான்."

காளிதாஸ் படத்தின் நடுவில் விரலை வைத்தான். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் சேர்ந்த சமவெளி. வெளிறிய கத்தரிப்பூ நிறம்.

"இது?"

"அது தனி நாடுங்கண்ணா. யாருக்கும் கீழ இல்லாத நாடு. புது நாட்டுக்குப் பழைய கலரு ஏது? அதான் வேற யாருக்கும் இல்லாத கலரா எடுத்துப் போட்டேன்."

"ஏன் கத்தரிப்பூ?"

"அழகா இருந்துச்சு," என்றாள் கிருத்திகா.

*

ஆட்டையாம்பட்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லி வசந்தாமணி கைமுறுக்கு வாங்கினாள். துப்பறியப் போகும் வழியில் முறுக்குக் கடை வந்தால் அது நல்ல சகுனம் என்பது அவளுடைய சித்தாந்தம். மல்லசமுத்திரம் தாண்டும் வரை மென்றாள். பிறகு கேட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்தப் புள்ள சொன்னா நீங்க எதையும் எதிர்த்துக் கேக்கறதில்ல. ஏனுங்க?"

காளிதாஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மது போனப்போ கூட இருந்தது அவதான்."

டெங்குக் காய்ச்சல். தேறிவிடுவாள், நீங்கள் வேலையைப் பாருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் நம்பி, நாமக்கல்லில் ஒரு முட்டை லாரியின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான். போன் வந்து திரும்பி ஓடி வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் கிருத்திகா நின்றாள். ‘அவரைப் பாத்துக்க கிருத்தின்னு சொல்லிட்டுத்தாங்கண்ணா கண்ண மூடுனா’ என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை ஊன்றிக்கொண்டுதான் இத்தனை மாதமும் நடந்தான். அதைச் சொன்னவளிடம் எதைக் கேட்பது?

வசந்தாமணி முறுக்குப் பொட்டலத்தை மடித்து வைத்தாள். "சேரி தம்பி," என்றாள்.

*

சந்தோஷ்குமாரின் கடை, போர்வெல் ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் ஒரு பட்டறைக்கு எதிரில் இருந்தது. வண்டிகளுக்குச் சாமி படமும் கம்பெனி பெயரும் ஒட்டித் தருகிற ஸ்டிக்கர் கடை. ஆள் ஒல்லி. விரல் பத்திலும் பசை. சுவர் முழுக்க நடக்காத சரித்திரம்.

"ஏனுங்க சாமி," என்று ஆரம்பித்தாள் வசந்தாமணி, "இந்த ஊர்ல எல்லாரும் பூமிய ஓட்டை போடறாங்க. நீ மட்டும் பூமியவே மாத்தி ஒட்டறயாமா?"

"ரிக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுங்களே. மேப் இல்லாம போவுங்களா?" என்று சிரித்தவன், காளிதாஸ் சொன்ன பெயரைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினான். "கிருத்திகா அனுப்புனவங்களா? அந்தம்மா போன வாரம் போன்ல பேசுனாங்க. நாந்தான் சேலத்துக்காரி, படத்த எடுத்துருன்னாங்க."

"எடுத்திருக்கலாமே?"

"எப்படிங்க சார் எடுப்பேன்? சேலத்துக்காரிகிட்ட நான் ரெண்டு வருசம் பேசியிருக்கறேன். ஒரு நாளும் பேர் சொல்லல, மூஞ்சி காட்டல. ஆனா குரல் தெரியுமுங்களே. இவங்க குரல் வேற. சளி புடிச்சிருக்குதுன்னாங்க."

"மாறுவேசத்துக்கு மூக்கடைப்பு," என்றாள் வசந்தாமணி. "செலவில்லாத வேசம்."

காளிதாஸ் கடையின் உட்சுவரைப் பார்த்தான். அதே படம், லாரிக் கதவு அகலத்துக்குப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தது. வாசலில் நின்று பார்க்கும்போது நடுவில் அதே கத்தரிப்பூ நிறம்.

"அது எந்த நாடு?" என்று கேட்டான்.

"நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

"தனி நாடுன்னு கிருத்திகா சொன்னா."

சந்தோஷ்குமார் பசை டப்பாவைக் கீழே வைத்தான். "தனி நாடா? படத்த வரைஞ்சவங்க சொன்னாங்களா இத? சித்த கிட்ட வந்து பாருங்க சார்."

காளிதாஸ் கிட்டப் போனான். இன்னும் கிட்ட. மூக்கு காகிதத்தில் படும் அளவுக்குப் போனதும் கத்தரிப்பூ நிறம் காணாமல் போயிற்று. அங்கே அப்படி ஒரு நிறமே இல்லை. நெட்டுக்கு மயிரிழை போல ரோஸ் கோடுகள். குறுக்கே அதே மெலிசில் நீலக் கோடுகள். ஒன்றன் மேல் ஒன்று, கீழ் ஒன்று, மாறி மாறி.

"செல்போன்ல பாத்தா இந்தக் கோடு தெரியாதுங்க," என்றான் சந்தோஷ்குமார். "மொழுக்குன்னு ஒரே கலராத்தான் தெரியும். ரெண்டு நாடு ஒரே நிலத்துக்கு அடிச்சுக்கிட்டா, ரெண்டு நாட்டுக் கலரையும் சாய்வா பட்டை பட்டையா போடறதுதான் எங்க கூட்டத்துல வழக்கம். உலகம் முழுக்க அப்படித்தான் போடறாங்க. சேலத்துக்காரி மட்டும் மாட்டேன்னுட்டாங்க. இது பிரிட்டனும் பிரான்சும் அடிச்சுக்கற நிலம் சார். தனி நாடு இல்ல."

வசந்தாமணியும் வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்த வேகத்தில் சொன்னாள். "அட, இது ரெட்டைக் கலர் சேலையாச்சே! நெட்டுக்க ஓடறது பாவு, குறுக்க ஓடறது ஊடை. பாவு ஒரு கலரு, ஊடை ஒரு கலரு போட்டு நெய்தா, தூரத்துல இருந்து மூணாவதா ஒரு கலரு தெரியும். கடைக்காரன் அதுக்குன்னு தனியா வெலை சொல்லுவான்."

"அதேதாங்க்கா!" என்றான் சந்தோஷ்குமார். "அவங்க அதுக்கு ஒரு விதி வெச்சிருந்தாங்க. நெலம் யாரு பேர்ல இருக்குதோ அவங்க கலரு பாவு. இப்ப யாரு கையில இருக்குதோ அவங்க கலரு ஊடை. பாவ மாத்தறது கஷ்டம், ஊடைய எப்ப வேணா மாத்தலாம், சண்டையும் அப்படித்தானன்னு சொல்லுவாங்க."

காளிதாஸ் சுவரை விட்டு நகரவில்லை.

மதுமதி அம்மாபேட்டையில், பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் ஆபீசில் வேலை பார்த்தாள். பகல் முழுக்கப் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம். வீட்டுக்கு வந்தும் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொள்வாள். என்ன வேலை என்று அவன் கேட்டதில்லை. ஆபீஸ் வேலை என்று அவனே நினைத்துக்கொண்டான். அவன் அறைக்குள் வந்தால் திரையை மாற்றுவாள். அதையும் அவன் பார்த்திருக்கிறான். ஊரார் மனைவிகளின் போன்களை ஆராய்ந்து சம்பாதிக்கிறவனுக்கு, சொந்த வீட்டில் எதையும் ஆராயத் தோன்றவில்லை.

"சேலத்துல எங்கன்னு சொன்னாங்களா?" என்று கேட்டான். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"சொல்லலைங்க. மலையடிவாரத்துல ஊடுன்னு மட்டும் சொல்லுவாங்க. காத்தடிச்சா கரண்டு போயிருமாம், பேசிட்டிருக்கறப்பவே கட்டாயிரும்."

"கடைசியா எப்பப் பேசுனாங்க?"

"தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடிங்க. காய்ச்சலா இருக்குது, பெருசா ஒண்ணு அச்சடிச்சு வையி, நானே வந்து வாங்கிக்கறேன்னாங்க. இதா, இதுதான். வரவே இல்ல. கோவமோ என்னமோன்னு காத்திருந்தேன். அப்பறந்தான், படம் வீணாப் போகக் கூடாதுன்னு அவங்க பேர்லயே ஆன்லைன்ல போட்டு உட்டேன். உங்களுக்கு அவங்களத் தெரியுங்களா சார்?"

வசந்தாமணி கிட்ட வந்தாள். காளிதாசின் தோள்மேல் கை வைத்தாள்.

"தெரியும்," என்றான் காளிதாஸ். "இதைச் சுருட்டிக் குடுங்க. நான் வாங்கிக்கறேன்."

*

திரும்பும் வழியில் வசந்தாமணி வெகுநேரம் பேசாமல் வந்தது சேலம் மாவட்ட வரலாற்றில் முதல் தடவையாக இருக்கும்.

"அந்த லேப்டாப்பு எங்கங் தம்பி?"

"நான்தான் கிருத்திகாகிட்டக் குடுத்தேன். அவ சித்தி பொண்ணு படிக்கறதுக்கு வேணும்னு கேட்டா." சற்று ஓட்டினான். "சார்ஜரக் காணோம்னா. வீடு முழுக்கத் தேடி எடுத்துக் குடுத்தேன்."

"இருந்திருந்து துப்பறியறவன்கிட்டயா வருவா?"

"அவளுக்குத் துப்பறியறவன் வேண்டியதில்ல அக்கா. கேள்வி கேக்காத ஒரு கையெழுத்து வேணும்."

"மதுமதி புருசனே கையெழுத்துப் போட்டுட்டா, அப்பறம் மதுமதின்னு யாரும் வாயத் தெறக்க முடியாது." வசந்தாமணி கணக்கை முடித்துப் பல்லைக் கடித்தாள். "வண்டிய வேகமா ஓட்டுங்க தம்பி."

*

ஓட்டலின் கண்ணாடி அறையில் கிருத்திகா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் பெங்களூர்க் கம்பெனி ஆள். காளிதாசைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களாண்ணா! இவருதாங்க சார் நான் சொன்ன டிடெக்டிவ்."

காளிதாஸ் உட்காரவில்லை. வசந்தாமணி காபிக் கோப்பைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுருட்டி வந்த படத்தை மேசை மேல் விரித்தாள். நான்கு மூலையிலும் கையில் கிடைத்ததை எடுத்து வைத்தாள். அதில் ஒன்று கம்பெனி ஆளின் கைக்கடிகாரம்.

"கிட்டப் பாருங்க சார்," என்றாள். "சேலைக்கடைல பாக்கற மாதிரி."

அந்த ஆள் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். ஆட்டம் தயாரிக்கிறவர், இந்த மாதிரிப் படங்களோடு புழங்குகிறவர். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது ரெண்டு நாட்டுக்கும் தகராறு உள்ள ஏரியா ஆச்சே," என்றார் மெதுவாக. கிருத்திகாவைப் பார்த்தார். "தனி நாடுன்னு சொன்னீங்க. அதை வெச்சு விதிமுறையே எழுதியாச்சு. உங்க படத்துல இருக்கறது உங்களுக்கே தெரியாதா?"

கிருத்திகா படத்தைப் பார்த்தாள். அவள் அந்தக் கோடுகளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

காளிதாஸ் அவள் அடித்துத் தந்த அறிக்கையை எடுத்தான். கிருத்திகா என்று இருந்த இடத்தை எல்லாம் பேனாவால் அடித்திருந்தான். மேலே மதுமதி என்று எழுதியிருந்தான். திருடினவர் பெயரையும் மாற்றியிருந்தான். கீழே கையெழுத்து. கம்பெனி ஆள் படித்துவிட்டு, கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு, போனோடு வெளியே போனார்.

கதவு சாத்திக்கொண்டது. கிருத்திகாவின் ‘ண்ணா’ முதலில் அழுதது. பிறகு நிமிர்ந்துகொண்டது.

"எஞ்சினியரிங் முடிச்சு எத்தனை வருசமா ஊட்டுல உக்காந்திருக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணா? எந்த விசேசத்துக்குப் போனாலும் அதே கேள்வி. அவ போயிட்டா. நான் இருக்கறேன். பொட்டிக்குள்ள கெடந்து வீணாப் போறது எம் பேருல வந்தா யாருக்கு என்ன நட்டம்?"

"சோறாக்கிப் போட வந்த கையின்னு கும்புட்டோம் கண்ணு," என்றாள் வசந்தாமணி. "நீ சட்டி பானைய எண்ண வந்திருக்கற."

காளிதாஸ் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. ஒரு கேள்வி மட்டும்தான் வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து கூடவே வந்த கேள்வி.

"அவ படம் வரையறது எனக்குத் தெரியாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

கிருத்திகா கம்பெனி ஆள் போன கதவைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா நீ எங்கிட்ட வந்திருக்க மாட்ட. நிச்சயமாத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கற. யாரு சொன்னா?"

"அவதான் சொன்னா."

"எப்ப?"

"ஆஸ்பத்திரில."

"ஆஸ்பத்திரில எப்ப?"

கிருத்திகா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "கடைசியா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள்.

"கடைசியா வேற ஒண்ணு சொன்னான்னு எங்கிட்டச் சொன்ன."

"அது நான் சொன்னதுங்கண்ணா. நீங்க ஓடி வந்து நின்ன நெலமையப் பாத்து, எதாச்சும் சொல்லோணும்னு வாயில வந்தது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஒரு விஷயத்தில் அவள் பொய் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. "அப்ப எனக்கு இந்தப் படத்து நெனப்பே இல்லைங்கண்ணா. சத்தியமா."

"அவ என்ன சொன்னா?"

"வேண்டாங்கண்ணா."

"என்ன சொன்னா, கிருத்திகா?"

கிருத்திகா மேசைமேல் விரிந்து கிடந்த படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"‘அவருகிட்ட நீ ஒண்ணும் சொல்லீராத கிருத்தி. ஊட்டுக்குப் போனதும் நானே காட்டிக்கறேன்.’"